ஆறு உருகிய பிறகு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதிலும் நிதானம் கிடையாது. வெயில் எட்டிப் பார்த்ததுதான் தாமதம், வெள்ளைக்காரர்கள் ஆற்றங்கரை முழுக்க அரைக்கால் சட்டையோடு ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு திரிந்தார்கள். வேலுச்சாமிக் கிழவர் மட்டும் கோட்டைக் கழற்றவில்லை. இந்த ஊர் வெயிலை அவர் நம்பவில்லை.

மகன் கதிர்வேலின் கையில் அம்மா செல்லாத்தாளின் அஸ்திக் கலயம் இருந்தது. ஆறு உறைந்து கிடந்ததால் குளிர்காலம் முழுக்க அது கார் நிறுத்தும் கொட்டகையில்தான் கிடந்தது. அஸ்தி வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொன்னவரே கிழவர்தான். பிறகு மனசு கேட்காமல் தன் கம்பளிக் குல்லாவை எடுத்துப்போய்க் கலயத்துக்கு மாட்டிவிட்டிருந்தார்.

இப்போது குனிந்து தண்ணீரில் கை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“டேய், தண்ணி வெறைக்குதுடா. சித்திரை வெயில்லயே சுடுதண்ணி இல்லாம குளிக்கமாட்டா உங்கம்மா. இன்னொரு பத்து நாள் போவட்டும்.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. அம்மாவுக்கு இனிமே குளுராதுங்கப்பா.”

“உனக்கு ஆரு சொன்னது? அவ சொன்னாளா?”

கதிர்வேல் குல்லாவைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, முழங்கால் ஆழத்தில் இறங்கிக் கலயத்தைக் கவிழ்த்தான். சாம்பல் ஒரு பனிக்கட்டியைச் சுற்றிக்கொண்டு மெல்ல நகர்ந்தது.

“திரும்பிப் பாக்காம நடங்கப்பா,” என்று கரையேறினான். பற்கள் தந்தியடித்தன.

கிழவர் அந்தப் பற்களையே ஒரு கணம் பார்த்தார். பிறகு குல்லாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தார்.

“பத்து நாள்ல என்ன குடி முழுகிப்போயிருக்கும்?”