இனிமேல் நிற்காது

“திரையை மாத்தியாச்சு தம்பி. அப்பவும் கேம் நடுவுல நிக்குது. சாயங்காலத்துக்குள்ள எப்படியாவது சரி பண்ணிடணும்.”

கம்ப்யூட்டர் மெக்கானிக் பையைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் அந்த அம்மா ஆரம்பித்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டிய முகம். அழுது அழுது வற்றிப்போன கண். கேம் நின்றால் குடியா முழுகிப்போகும் என்று அவன் மனசுக்குள் சலித்துக்கொண்டான்.

கூடத்தை ஒட்டி ஓர் அறை சாத்தியிருந்தது. அதைத் தாண்டும்போது அவள் குரலைத் தாழ்த்தினாள். “மெதுவா வாங்க. பையன் உள்ள இருக்கான்.”

கம்ப்யூட்டர் இருந்தது அடுத்த சாமான் அறையில். மூட்டைமுடிச்சுகளுக்கு நடுவே ஒரு மேஜை, அதன்மேல் பளபளவென்று புது மானிட்டர். பெட்டியைக் கழற்றிப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்தது. நாலு ஜிபி மெமரி, அதுவும் ஒற்றைத் துண்டு.

“யார் சொல்லி இந்த மானிட்டரை வாங்கினீங்க?”

“கடைக்காரர்தான். வேகமான திரை, வழுக்கிட்டுப் போகும்னார்.”

“திரை காட்டத்தான் செய்யும்மா. காட்டறதுக்குப் படம் வரணுமே. மெமரி பத்தாம மெஷின் மூச்சு வாங்குது. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?”

“இருக்கறதிலேயே நல்லதாப் போடுங்க தம்பி.”

இரண்டு எட்டு ஜிபி துண்டுகளை ஜோடியாகப் பொருத்தினான். செட்டிங்கைத் திறந்தால் அங்கே இன்னொரு கூத்து. நொடிக்கு நூற்றுநாற்பத்துநாலு முறை படம் மாற்றக்கூடிய திரையை அறுபதிலேயே விட்டுவைத்திருந்தார்கள். அதையும் மாற்றினான். வேலையை மட்டும் பார்த்திருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்கம்மா. பிள்ளைக்கு இவ்வளவு செல்லம் ஆகாது.”

“செல்லமா? காலேஜுக்குப் போகாம ஆடிட்டே இருக்கானேன்னு, ஒயரையெல்லாம் கத்தரிக்கோலால வெட்டிப் போட்டவ நான். அன்னிக்குக் கதவைச் சாத்தினவன்தான். வருஷக்கணக்காச்சு, என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. சாப்பாட்டை வாசல்ல வச்சிட்டு நான் நகர்ந்தப்புறம்தான் எடுப்பான்.”

மெக்கானிக்கின் குரல் இறங்கிவிட்டது. தாய் முகத்தில் விழிக்காமல், ஆள் இல்லாத நேரம் பார்த்து இந்த அறைக்கு வந்து ஆடுவான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். “அதுக்குப் பரிகாரமாத்தான் இதெல்லாமாக்கும்?”

அவள் முந்தானையால் திரையைத் துடைத்தாள். “போன வாரம் பூரா ஆட்டத்து நடுவுல நின்னுபோச்சு. இன்னொரு தடவை நின்னா வேற ஆளைச் சேர்த்துக்குவேன்னு, கூட ஆடறவன் கண்டிப்பா சொல்லிட்டான். இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா, அப்புறம் நான் எதைப் பிடிச்சுக்கிட்டு உயிரோட இருக்கறது?”

அவன் பெட்டியை மூடித் திருகினான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

“இனிமே நிக்காதும்மா. பையனைக் கூப்பிடுங்க, நான் இருக்கறப்பவே ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கட்டும்.”

“அவன் வரமாட்டான்.”

அவளே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். விரல்கள் பழகிய வேகத்தில் பாய்ந்தன. திரையில் துப்பாக்கி ஏந்திய வீரன் ஒருவன் கூரைக்குக் கூரை தாவினான், ஓர் இடத்திலும் தடுக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், சாத்தியிருந்த அறைக்குள்ளிருந்து ஓர் இளங்குரல் உற்சாகமாகக் கேட்டது. அதே குரல் அவள் ஹெட்செட்டிலும் மெல்லக் கசிந்தது. “டேய், வந்துட்டியா? இன்னிக்குப் பட்டையைக் கிளப்பறியேடா. யாருடா சரி பண்ணிக் குடுத்தா?”

அவள் வாயைத் திறக்காமல், கீபோர்டில் ‘அம்மா’ என்று தட்டினாள்.

“குடுத்துவச்சவன்டா நீ,” என்றது அந்தக் குரல். “எனக்கு அம்மா கிடையாது.”