புளித்த வாடை

நேசையா வாத்தியார் ஓங்கி அடித்த அடியில் பிரம்பு ஒடிந்தது. அவருடைய எட்டு வயது மகள் டார்லின் சுவரோரம் சரிந்து விழுந்து மூச்சு வாங்கினாள். அவள் வாயிலிருந்து குப்பென்று புளித்த வாடை வந்தது.

"ஏட்டி, கள்ளா குடிச்சே? யாரு தந்தா?"

"தண்ணிதாம்ப்பா குடிச்சேன்."

அதில் பொய்யில்லை. ஒரு வாரமாகக் குடம் குடமாகக் குடிக்கிறாள், படுக்கையையும் நனைக்கிறாள். ஆனால் மதுவிலக்கு ஜெபக்கூட்டம் நடத்துகிற மனிதருக்குக் குடமெல்லாம் கண்ணில் படுமா? பனை ஏறுகிற அப்பாத்துரைதான் கண்ணில் பட்டான்.

ராதாபுரத்தில் அவன்மேல் எல்லோருக்கும் சந்தேகம் உண்டு. போன வருடம், தொண்ணூற்று மூன்றில், அவனுடைய ஒரே மகள் திடீரென்று செத்துப்போனாள். அப்பன் இறக்கிய கள்ளைக் குடித்துத்தான் செத்தாள் என்று ஊரே பேசியது.

வாத்தியார் மகளைத் தரதரவென்று பனங்காட்டுக்கு இழுத்துப் போனார். அப்பாத்துரை மரத்திலிருந்து இறங்கித் தரையில் கால் வைத்ததும் ரம்பப் பல் போல விளிம்புள்ள பனங்கருக்குமட்டையால் விளாசினார். பட்ட இடமெல்லாம் தோல் கிழிந்தது.

"சொந்த மவளக் கொன்னது பத்தாதாலே? எம்பிள்ளையும் வேணுமோ?"

"பதநீர்தான்யா இறக்குதேன். கலயத்தப் பாருங்க, சுண்ணாம்பு தடவியிருக்கேன். சுண்ணாம்பு இருந்தா எப்படிக் கள்ளாவும்?"

வாத்தியார் கலயத்தைப் பார்க்கவில்லை. அதை அவன் தலையிலேயே போட்டு உடைத்தார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது.

அந்த நேரம் டார்லின் சுருண்டு விழுந்தாள். அப்பாத்துரை தவழ்ந்து போய் அவள் வாயை முகர்ந்தான். அடுத்த நொடி அவளை வாரியெடுத்துக்கொண்டு ஓடினான்.

"பிள்ளைய விடுலே!"

ஆஸ்பத்திரி வாசல்வரை வாத்தியார் துரத்தித் துரத்தி முதுகில் அடித்தார். அவன் ஒரு அடியைக்கூடத் தடுக்கவில்லை. தடுக்கக் கை வேண்டுமே, இரண்டு கையிலும் பிள்ளை இருந்தது.

டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்து, ஊசி போட்டு, சலைன் ஏற்றிவிட்டு வெளியே வந்தார்.

"கள்ளு இல்ல சார், சர்க்கரை வியாதி. பிள்ளைகளுக்கும் வரும். முத்திப்போனா மூச்சிலயே இப்படிப் புளிச்ச பழ வாடை அடிக்கும். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா பிள்ளை உங்களுக்கு இல்ல."

வாத்தியார் வாசலுக்கு வந்தார். அப்பாத்துரை ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து துண்டால் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தான். வாத்தியார் வெட்கத்தில் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் பக்கத்திலேயே நின்றார்.

"உனக்கு எப்படி அப்பாத்துரை தெரிஞ்சுது?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"எம்மவ வாயிலயும் இதே வாடைதான்யா. கள்ளுன்னு நெனச்சு, அவ சாவுற வரைக்கும் அடிச்சேன்."