ஏழு மணிப் பச்சைப் புள்ளி

"அம்மா இன்னிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டாங்களா, டுவெய்ன்?"

அரிசோனாவிலிருந்து டார்லா பேசினாள். டுவெய்ன் ஹெய்க்கினென் காபியைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். ஊரில் அவர் கம்ப்யூட்டர் சரிபார்த்துக் கொடுக்கும் நாற்பத்தோரு பேரின் பெயர்கள். டார்லாவின் அம்மா எல்மாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

"போட்டாச்சும்மா. டாண்ணு ஏழு மணிக்கு. உங்கம்மாவை வச்சுக் கடிகாரத்தையே சரிபண்ணலாம்."

"அப்ப என் ஃபோனை மட்டும்தான் எடுக்க மாட்டாங்க. திங்கட்கிழமையிலேர்ந்து இதே கதை. ஷெரீஃப் ஆபீஸ்ல சொல்லி ஆளை அனுப்பவா, வேணாமா? நீங்க சொல்றதுதான்."

அவள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்கப்போக, அம்மாவுக்கும் பெண்ணுக்கும் பெரிய சண்டை. போன வருஷமும் இப்படித்தான் எல்மா ஃபோனை எடுக்கவில்லை. டார்லா பதறிப்போய்ப் போலீஸை அனுப்பினாள். இரண்டு பேர் கதவை உடைத்துக்கொண்டு போனால், எழுபத்தெட்டு வயது எல்மா சானா என்கிற நீராவிக் குளியலறையில் ஒட்டுத்துணியில்லாமல் வேர்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் நீ எனக்கு மகளே இல்லை என்று சொல்லி, இரண்டு மாதம் பேசவில்லை.

"வேணாம்," என்றார் டுவெய்ன். "நல்லாத்தான் இருக்காங்க. கோவம் ஆறட்டும்."

அன்று புதன்கிழமை.

டுவெய்னுக்கு அந்தப் புள்ளிகள்மேல் அப்படியொரு நம்பிக்கை. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் இலவச சிஸ்டமான லினக்ஸைப் போடுங்கள் என்று பத்து வருஷமாக அவர் சொல்லும்போதெல்லாம் அந்த மிச்சிகன் ஊரே கிறுக்கன் என்று சிரித்தது. பழைய சிஸ்டத்துக்கு இனி அப்டேட் கிடையாது, புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கம்பெனி கையை விரித்த அன்று சிரிப்பு நின்றது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஆளாளுக்குப் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். காசு வாங்காமல் எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தார். நாடு முழுக்க இதே கதைதான், மேசைக்கு மேசை லினக்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது என்று செய்தி படித்தபோது, தானே ஏற்றிவிட்டது போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

வீடு வீடாகப் போய் ஆளுக்கேற்ற சௌகரியமும் செய்து தந்தார். ஒருவருக்குப் பெரிய எழுத்து, ஒருவருக்குச் சீட்டாட்டம் முன்னால், பியானோ டீச்சருக்கு மெயில் வந்தால் மணிச்சத்தம். இடுப்பு வலி, மேசைக்கடியில் குனிய முடியவில்லை என்று எல்மா புலம்பியபோது, அதற்கும் ஏதோ வழி செய்துவிட்டு அவர் சுட்ட, ஏலக்காய் மணக்கும் நிசு ரொட்டியைத் தின்றுவிட்டு வந்தார். நாற்பத்தோரு பேருக்கும் என்னென்ன செய்தோம் என்று அவருக்கே நினைவில்லை. யாருக்காவது சிக்கல் என்றால் தன் வீட்டிலிருந்தே பார்க்கத்தான் இந்தப் பட்டியல். பெட்டி உயிர்பெற்றால் புள்ளி பச்சையாகும்; ஒரு மணி நேரம் யாரும் தொடாவிட்டால் அணைந்துவிடும்.

"ஆடெல்லாம் பட்டிக்கு வந்தாச்சா?" என்று மனைவி லோர்னா தினமும் காலையில் கிண்டலடிப்பாள்.

வியாழக்கிழமையும் டார்லா கூப்பிட்டாள். ஏழு மணிக்குப் பச்சை. எட்டுக்கு அணைந்துவிட்டது என்று டுவெய்ன் சொன்னதும், அம்மா பத்து மணி வரைக்கும் சீட்டாடுவாரே என்று இழுத்தாள். முற்றத்துப் பனியைத் தள்ளப் போயிருப்பார் என்று சமாதானம் சொன்னார். வெள்ளிக்கிழமையும் ஏழு மணிக்குப் பச்சைதான். டார்லா அழுதேவிட்டாள்.

"கம்ப்யூட்டரோட பேசத் தெரியுது. பெத்த பொண்ணோட பேசத் தெரியல."

சனிக்கிழமை எல்மாவின் பிறந்தநாள். ஒரே ஒரு தடவை எட்டிப் பாருங்கள் என்று டார்லா கெஞ்சினாள். பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் டுவெய்ன் வண்டியை எடுத்தார். முற்றத்துப் பனியில் ஒரு காலடி கூட இல்லை. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஷெரீஃப் ஆபீஸுக்கு ஃபோன் செய்தார்.

எல்மா தரையில் கிடந்தார். சுவரில் இருந்த ஃபோன் எட்டாத உயரம். பூனையின் தண்ணீர்க் கிண்ணம் அவர் கைக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது.

"விழுந்தது திங்கட்கிழமையா இருக்கும்," என்றார் வந்த காவலர். காலண்டரில் ஞாயிறு வரைதான் தேதிகள் அடிக்கப்பட்டிருந்தன. "உடனே போயிடல. இந்தக் கிண்ணத்தை இழுத்துக் குடிச்சிருக்காங்க. புதன், வியாழன் வரைக்கும் கூட உயிர் இருந்திருக்கலாம். யாருமே வந்து பார்க்கலையா?"

"தினமும் கம்ப்யூட்டரைப் போட்டாங்களே..." என்றார் டுவெய்ன். "நான் பார்த்தேன் சார். இன்னிக்குக் காலையில கூட."

காவலர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னிக்கா? அப்ப போட்டது யாரு?"

டுவெய்ன் பக்கத்து அறைக்கு ஓடினார். மேசைக்கடியில், சூடு தேடிப் பெட்டிமேல் சுருண்டிருந்த பூனை அவரைக் கண்டதும் குதித்து ஓடியது. அது படுத்திருந்த இடத்தில் வெள்ளை நாடா ஒட்டி, அவருடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது:

'எல்மா, இனி குனியவே வேண்டாம். தினமும் காலை ஏழு மணிக்குத் தானாகவே ஆன் ஆகிவிடும் – டுவெய்ன்.'