ரோச் அண்ணாச்சியின் முன்பல்

"அண்ணாச்சி, வாயைத் திறந்தே வையுங்க. தூங்கிராதீங்க."

பல் டாக்டர் ஈவாஞ்சலினின் குரல் எங்கோ மேலேயிருந்து வந்தது. சாய்ந்த நாற்காலியில் ரோச் பாதித் தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தார். முகத்துக்கு மேலே வெள்ளை விளக்கு. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. தூத்துக்குடியில் முத்துக் கடை வைத்திருக்கிறாரே தவிர, மனிதர் ஒருநாளும் கடலில் முங்கியதில்லை. ஆனால் கொஞ்ச காலமாகக் கனவில் தினமும் முங்குகிறார்.

"அடியில சிப்பி சிப்பியாக் கெடக்கும் டாக்டரம்மா. பச்சை வெளிச்சம். ஒரு சத்தம் இருக்காது. கையை நீட்டுவேன், அதுக்குள்ள தண்ணி வாய்க்குள்ள ஏறிரும். முழிச்சுப் பாத்தா வாயெல்லாம் ஒரே புளிப்பு."

"கடல் தண்ணி கரிக்கும்லா? இது உங்க வயித்துல உள்ள அமிலம். ராத்திரி சாப்பிட்ட உடனே படுத்திருவீங்களோ?"

"புரோட்டா தின்ன கை காயுறதுக்குள்ள குறட்டை வந்துரும்," என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி மரியசெல்வி.

"அதான். பகல்ல அமிலம் மேல ஏறினா எச்சில் கழுவி விட்டுரும். தூக்கத்துல எச்சில் அவ்வளவா ஊறாது. புளிப்பு பல்லு மேலயே கெடந்து கரைச்சிரும். உங்க முன்பல்லுல எனாமல் கொஞ்சம்கூட மிச்சமில்ல அண்ணாச்சி."

ரோச்சின் தூக்கம் பறந்துவிட்டது. அவருடைய முன்பல் சோறு தின்ன மட்டும் உள்ளதல்ல. கடைக்கு வருகிற ஒவ்வொரு முத்தையும் அதில்தான் உரசிப் பார்ப்பார். நல்ல முத்து நறநறக்கும், போலி வழுக்கும். நல்லது என்று அவர் எடுத்து வைத்ததுதான் மறுநாள் விற்பனைக்கு வரும். ரோச் பல் பார்த்த முத்து என்றால் ஊரில் மறுபேச்சு கிடையாது. அந்தப் பல் போய்விட்டால் அவரை யார் மதிப்பார்கள்?

"என் பல்லுக்கு ஒண்ணும் இல்ல," என்றார் முறைப்பாக. "முன்னவிட இப்பந்தான் முத்து பட்டா சுர்ருன்னு நல்லாத் தெரியுது."

"அது பல்கூச்சம். சட்டைப் பொத்தானை உரசினாலும் உங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

அவ்வளவுதான், ரோச் எழுந்து செருப்பை மாட்டினார். "ஒரு வருஷமாவே இப்படித்தான் சுர்ருங்குது. அதுக்குப் பொறவு நான் வித்த முத்துல ஒண்ணாவது போலின்னு திரும்பி வந்திருக்கா? கேளுங்க இவகிட்ட!"

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினாள்.

"அது எப்படின்னு எனக்கே புரியல அண்ணாச்சி. ஆனா இப்பவே மருந்து எடுக்கலன்னா நரம்பு வரைக்கும் போயிரும். அப்புறம் பல்லையே எடுக்க வேண்டியிருக்கும்."

"தப்பே பண்ணாத பல்லுக்கு எதுக்கு மருந்து?"

கதவை நோக்கி நடந்தவரை மரியசெல்வி குறுக்கே நின்று தடுத்தாள். அவர் தலை நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பது அவளுக்கு எப்போதும் பிடிக்கும். இன்று அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"மருந்தை வாங்கிக்கிடுங்க. எனக்காக."

"ஏளா, நீயுமா? ஒரு முத்தாவது திரும்பி வந்திருக்கா இல்லையா, அதைச் சொல்லு!"

"வரல," என்றாள் மெல்ல. "நீங்க கனவுல சிப்பி பொறுக்கக் கடலுக்குள்ள போன பொறவு, நீங்க நல்லதுன்னு வச்சதையெல்லாம் தினமும் என் பல்லுல உரசிப் பாத்து, போலியைத் தள்ளிட்டுத்தான் நான் படுக்கேன்."