ஏழாம் பக்கம்

மூன்றாம் மாடியில் வாடகைக்கு ஆள் வராமல் ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கும் தங்கள் வீட்டின் குழாயை மனைவி திறந்துவிடுகிறாள். துருத் தண்ணீர் இருமி இருமி வருகிறது. சாமான் இல்லாத கூடத்தில் கணவரின் குரல் இரண்டு தடவை கேட்கிறது. “பார்த்தியா, இந்த ஏரியால வாடகை வீடுன்னு தேடினா, நம்ம வெப்சைட்தான் முதல்ல நிக்குது!” போனைத் தளும்பும் பாத்திரம் மாதிரி ஏந்திக்கொண்டு வருகிறார்.

“தினம் நாப்பது தடவை அதையே திறந்து பார்க்கறீங்க, உங்க போன் உங்களுக்கு ஜால்ரா அடிக்குது. இந்தாங்க, என் போன்ல தேடுங்க.” ஈரக் கையைத் துடைத்துவிட்டு நீட்டுகிறாள்.

அவர் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பரீட்சை முடிவில் தன் நம்பரைத் தேடும் பையனைப் போல விரலை ஓட்டுகிறார். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டில் இல்லை. மூன்றில் பக்கத்துத் தெருக்காரரின் வீடு இருக்கிறது. அதை வேகமாகத் தாண்டுகிறார். குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிகிறது. ஏழாம் பக்கத்தில் விரல் நிற்கிறது.

“இருக்கோம்!”

“ஏழாம் பக்கம் வரைக்கும் யாருங்க வருவா?”

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் வந்தேனே.”