நேரில் சொல்ல வேண்டியது

“உங்க வேலை... இந்த மாசத்தோட முடியுதும்மா.”

துணைவேந்தர் இதைச் சொல்லிவிட்டு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த துணைப் பதிவாளர் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“இப்படிச் சொல்லக் கூடாது சார். மேஜையைப் பார்த்துச் சொன்னா நாம ஏதோ தப்புப் பண்ணின மாதிரி ஆயிடும். கேக்கிறவங்களுக்கு வயிறு எரியும்.”

“அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க...”

“கேக்கிறதுக்குத்தானே சார் உட்கார்ந்திருக்கேன். மறுபடி ஆரம்பிங்க.”

இந்த ஒத்திகை யோசனையே அவளுடையதுதான். அரசு மானியத்தைப் பாதியாக வெட்டிவிட்டது. மூன்று துறைகளை ஒன்றாக்கி, முப்பத்தாறு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. கடிதத்தைக் கையில் திணித்து அனுப்பக் கூடாது, துணைவேந்தரே நேரில் சொல்ல வேண்டும், சாட்சியாக நிதி அலுவலர் கூட இருக்க வேண்டும் என்று புது விதி எழுதியவளும் அவள்தான்.

“முதல் ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாருங்க சார்” என்று நேற்று மாலைதான் கேட்டுக்கொண்டாள். காலை ஒன்பதே காலுக்கெல்லாம் அழைப்பு வந்துவிட்டது. உள்ளே வந்தபோது நிதி அலுவலரும் ஜன்னலோரம் ஒரு கோப்போடு உட்கார்ந்திருந்தார். நல்லதாகப் போயிற்று, அவரும் பழகிக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதமாக அவளுக்குச் சோறும் தூக்கமும் சரியாக இல்லை. ஒவ்வொரு துறையாகப் போய்க் கூட்டம் போட்டு, ஏசியவர்களுக்கும் அழுதவர்களுக்கும் நின்று பதில் சொன்னாள். கடிதத்தில் இருந்த ‘உபரிப் பணியாளர்’ என்ற சொல்லை எடுப்பதற்காக அமைச்சகத்தோடு பதினோரு முறை மல்லுக்கட்டினாள். இத்தனைக்கும் கிடைத்த கைம்மாறு ‘கத்தரி அம்மா’ என்ற பட்டப்பெயர். கேன்டீனில் தட்டோடு போய் உட்கார்ந்தால் அந்த மேஜை காலியாகிவிடும்.

நேற்று ஆய்வக உதவியாளர் ஒருவர் படிக்கட்டில் வழிமறித்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “என் பேரு இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்கம்மா.” பெயர் இருந்தது. அவள் கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

துணைவேந்தர் தொண்டையைச் செருமினார். “காலைல அமைச்சகத்துல இருந்து போன் வந்துச்சும்மா. முப்பத்தாறு போதாதாம். இன்னும்...”

“எண்ணிக்கையெல்லாம் எதுக்கு சார்? எதிர்ல இருக்கிறவங்களுக்கு முப்பத்தாறா முக்கியம்? அவங்க ஒரு வேலைதான் முக்கியம். நேரா விஷயத்துக்கு வாங்க.”

நிதி அலுவலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பத்தொன்பது வருஷம் உழைச்சிருக்கீங்க. உங்க மேல ஒரு குறையும் கிடையாது.” துணைவேந்தரின் குரல் பிசிறியது. “ஆனா அந்தப் பதவியே இனிமே இல்லைம்மா.”

“ஆங், இதுதான் சார்! இதைச் சொல்லிட்டு நிறுத்திடுங்க. இப்ப அவங்க பேசுவாங்க. என்னென்ன கேப்பாங்கன்னு நான் கேக்கிறேன், பதில் சொல்லிப் பழகிக்குங்க.”

ஒரு நிமிடம் யோசித்தாள். யாருடைய கஷ்டத்தையோ எதற்காகக் கற்பனை செய்ய வேண்டும்? தன் வீட்டுக் கதையையே எடுத்துக்கொண்டாள்.

“சார், வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்து ரெண்டு வருஷமாச்சு. பொண்ணு கடைசி வருஷம் படிக்கிறா. என் ஒருத்தி சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. ஐம்பத்தோரு வயசுல இனிமே யார் சார் என்னைக் கூப்பிட்டு வேலை குடுப்பாங்க?”

பழக்குவதற்காகத் தொடங்கிய பேச்சு பாதியிலேயே நிஜமாகிவிட்டது. இருந்தும் விடவில்லை. “அவ படிப்பு முடியற வரைக்கும் மட்டும் விட்டு வையுங்க சார். எவ்வளவு கீழ்ப் பதவின்னாலும் பரவாயில்லை. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்.”

துணைவேந்தரின் உதடு துடித்தது.

“கேட்டுட்டேம்மா. இது அத்தனையும் சொல்லிக் கெஞ்சிப் பார்த்துட்டேன். ‘அவங்க இல்லாம எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி’ன்னுகூடச் சொன்னேன். அமைச்சகத்துல மசியலை. என் கையில ஒண்ணும் இல்லைம்மா.” கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இந்த மனிதர் அழுவார் என்று அவள் நினைத்ததே இல்லை. எழுந்து, தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“போதும் சார். மனசுல இருந்து வருது. இப்படிச் சொன்னீங்கன்னா வேலை போனாலும் யாரும் உங்களைச் சபிக்க மாட்டாங்க.” கண்களை ஒற்றிக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். “முதல் ஆளை வரச் சொல்றேன். பாவம், வெளியில தவிச்சுக்கிட்டு இருப்பாங்க.”

கதவைத் திறந்தாள். நடைக்கூடத்தில் போட்டிருந்த நாற்காலிகள் அத்தனையும் காலியாக இருந்தன.

“யாருமே இல்லையே! யாரை சார் முதல்ல கூப்பிட்டீங்க?”

நிதி அலுவலர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துணைவேந்தர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

“உங்களைத்தாம்மா கூப்பிட்டேன்.”