ஐந்தாம் மாடியின் கோபம்

கார் நிறுத்துவதில் மூண்ட ஒரு கைகலப்புக்குப் பிறகு, மூளையின் நட்சத்திர செல்களைத் திருத்திக்கொண்டவர்கள் மட்டுமே இங்கே குடியிருக்கலாம் என்று அடுக்ககச் சங்கம் முடிவெடுத்தது. கோபத்தில் நியூரான்கள் கொதித்தெழுந்தால், பக்கத்திலிருக்கும் அந்த செல்கள் உடனே தணித்துவிடும். ஐந்தாம் மாடி பெனிட்டாவுக்கு மட்டும், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதால், டாக்டர் இப்போது வேண்டாம் என்றிருந்தார்.

லிஃப்ட் பழுதானபோது எல்லோரும் மூச்சிரைக்கப் புன்னகைத்தபடி படியேறினார்கள். பெனிட்டா லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினாள். சாயங்காலமே ஆள் வந்தான்.

அன்றிலிருந்து அவள் வீட்டு அழைப்புமணி ஓயவில்லை. “எங்க பிளம்பரைக் கொஞ்சம் திட்டணும்மா,” என்று சங்கச் செயலாளர் சிவசைலமே வந்து பணிவாக நின்றார். தண்ணீர் லாரிக்காரன், குப்பை வண்டிக்காரன் என்று எல்லோருக்காகவும் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குழந்தை பால் மறந்ததும், தனக்கும் திருத்தம் வேண்டும் என்று கேட்டாள். சங்கம் ஒருமனதாக மறுத்துவிட்டது.

“என் பொண்டாட்டிய ஏன் படுத்துறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று கணவனிடம் வெடித்தாள்.

“அதான் நீயே நல்லா கேக்குறியே, பெனி,” என்றான் ஜெரோம் கனிவாக.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஜெரோம் போன் செய்தான். “நீ போனதுலேருந்து தண்ணி லாரி வரல, பெனி. இங்க யாருமே குளிக்கல,” என்றான் உற்சாகமாக. “ஆனா லிஃப்ட்ல ஒருத்தர்கூட மூஞ்சியச் சுளிக்கல, தெரியுமா!”